சூதாட்ட வரி: தோற்பவர் எந்த மாநிலத்தவர்?

அமெரிக்க மாநிலங்களின் சட்டமன்றங்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே சாயலில் ஒரு மசோதா வந்து சேர்கிறது. நிதிநிலை அறிக்கையில் துண்டு விழுகிறது. கூட்டாட்சி அரசைப் போலக் கடன் வாங்கி அன்றாடச் செலவைச் சமாளிக்க மாநிலங்களால் முடியாது. அநேகமாக எல்லா மாநிலங்களிலும் வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் உண்டு. வருமான வரியையோ விற்பனை வரியையோ உயர்த்தினால் அடுத்த தேர்தலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நெருக்கடியில்தான் புதிய கேசினோ, காசு போட்டு ஆடும் ஸ்லாட் இயந்திரங்கள், விளையாட்டுப் பந்தயம், கைப்பேசியில் கேசினோ என ஏதாவது ஒரு சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கும் யோசனை, யாரையும் கட்டாயப்படுத்தாத வரி என்ற பெயரோடு மேசைக்கு வருகிறது. இத்தகைய மசோதாக்களுடன் இணைக்கப்படும் வருவாய் மதிப்பீடுகளையும், சில ஆண்டுகள் கழித்து வெளிவரும் உண்மைக் கணக்குகளையும் நான் தொடர்ந்து படித்து வருகிறேன். எவ்வளவு பணம் வரும் என்பதும், அது எந்தத் துறைக்குப் போகும் என்பதும் அவற்றில் விரிவாக இருக்கும். அந்தப் பணத்தை இழக்கப்போகிறவர் எங்கே வாழ்கிறார் என்பது பெரும்பாலும் இருக்காது. சூதாட்டத்தால் ஒரு மாநிலத்தின் கஜானாவுக்கு லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான் என்று நான் கருதுகிறேன்.

இதற்கு மிகத் தெளிவான சான்று 19-ஆம் நூற்றாண்டில் லூசியானாவில் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் கஜானா காலியாக இருந்த அந்த மாநிலம், 1868-ல் லூசியானா மாநில லாட்டரி நிறுவனத்துக்கு 25 ஆண்டு உரிமம் வழங்கியது. நியூ ஆர்லியன்ஸ் தர்ம மருத்துவமனைக்காக ஆண்டுக்கு 40,000 டாலர் தர வேண்டும் என்பது நிபந்தனை. நிறுவனம் தன் சீட்டுகளைத் தபால் வழியே நாடு முழுவதும் விற்றது. வருவாயில் மிகப் பெரும்பகுதி மற்ற மாநில மக்களிடமிருந்தே வந்தது. உரிமம் முடியும் காலம் நெருங்கியபோது, அதைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 12.5 லட்சம் டாலர் வரை தரத் தயார் என்று அது அறிவித்தது என்றால், அந்த வியாபாரத்தின் லாபம் எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளலாம். லூசியானாவுக்கு இது உண்மையிலேயே வலியற்ற வரி. வலி முழுவதும் பிற மாநிலங்களில் இருந்தது. லாட்டரி தொடர்பான தபால்களுக்கு 1890-ல் நாடாளுமன்றம் தடை விதித்ததும் வியாபாரம் சரிந்தது. 1892-ல் மாநில வாக்காளர்களே உரிம நீட்டிப்பை நிராகரித்தார்கள். லூசியானா மக்களிடம் மட்டுமே சீட்டு விற்று அதே வருவாயை ஈட்ட அந்த நிறுவனத்தால் ஒருபோதும் முடிந்திருக்காது.

20-ஆம் நூற்றாண்டில் லாட்டரி திரும்பி வந்ததும் இதே தர்க்கத்தின் வழியேதான். விற்பனை வரியும் பொது வருமான வரியும் இல்லாத நியூ ஹாம்ப்ஷயர், கல்விச் செலவுக்காக 1964-ல் நவீன காலத்தின் முதல் மாநில லாட்டரியைத் தொடங்கியபோது, சீட்டு வாங்க எல்லை தாண்டி வந்தவர்களே அதிகம். 1967-ல் நியூயார்க்கும் 1970-ல் நியூ ஜெர்சியும் தங்கள் லாட்டரிகளைத் தொடங்கின. முதல் ஆண்டின் உற்சாகம் அதற்குள்ளாகவே நியூ ஹாம்ப்ஷயரில் வடிந்திருந்தது. இன்று 45 மாநிலங்களில் லாட்டரி உண்டு. அண்டை மாநிலத்துக்காரர் எவரும் சீட்டுக்காக எல்லை தாண்ட வேண்டிய தேவை கிட்டத்தட்ட இல்லை.

நெவாடா மட்டும் விதிவிலக்காக நீண்ட காலம் நின்றது. 1931-ல் கேசினோ சூதாட்டத்தை அனுமதித்த அந்த மாநிலத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது. கலிஃபோர்னியாவிலிருந்தும் உலகெங்கிலுமிருந்தும் வருகிற பயணிகள் அங்கே தோற்றுவிட்டு, அறை வாடகையும் உணவுச் செலவும் கொடுத்துவிட்டுத் தங்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள். தோல்வியின் விளைவாக ஒரு குடும்பம் கடனில் விழுந்தால், அந்த வழக்கும் மருத்துவச் செலவும் அவர்களுடைய சொந்த மாநிலத்தின் கணக்கில் சேர்கின்றன. இவ்வளவு சாதகமான நிலையிலும், ஒற்றைத் தொழிலைச் சார்ந்து நிற்பதன் ஆபத்து பெருந்தொற்றின்போது வெளிப்பட்டது. 2020 ஏப்ரலில் நெவாடா கேசினோக்களின் வருவாய் முந்தைய ஆண்டின் அதே மாதத்தை விட 99 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. அத்தனை கேசினோக்களையும் ஒரே நாளில் பூட்டும்படி ஆனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே மாதங்களில் மாநிலத்தின் செலவுகள் பூட்டிக் கிடக்கவில்லை.

நெவாடாவைப் பார்த்து மற்ற மாநிலங்கள் கிளம்பியபோது நடந்ததைப் புரிந்துகொள்ள அயோவாவின் படகுகள் போதும். 1991-ல் மிஸிஸிப்பி ஆற்றில் நவீன சூதாட்டப் படகுகளை முதலில் ஓடவிட்ட மாநிலம் அது. எச்சரிக்கையுள்ள சட்டம்தான்: ஒரு பந்தயத்துக்கு அதிகபட்சம் 5 டாலர், ஒரு பயணத்தில் ஒருவர் இழக்கக்கூடிய உச்சவரம்பு 200 டாலர். மிகவும் மனிதத்தன்மையுள்ள விதி என்று அதை நான் இன்றும் மதிக்கிறேன். அதே ஆண்டில் இல்லினாயிலும் இத்தகைய வரம்புகள் எதுவுமின்றிப் படகுகள் ஓடத் தொடங்கின. அடுத்த ஆண்டு தெற்கே மிஸிஸிப்பி மாநிலமும் திறந்தது. அயோவாவின் படகுகளில் சில நங்கூரத்தை எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் போய்விட்டன. 1994-ல் அயோவா தன் வரம்புகளை நீக்கிவிட்டது. தன் மக்களைக் காக்க எழுதிய விதியை, மக்கள் கேட்டதற்காக அல்லாமல், பக்கத்து மாநிலம் எழுதாமல் விட்டதற்காக அது அழித்தது.

இந்தப் போட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அட்லாண்டிக் சிட்டியை விட முழுமையாகக் காட்டும் ஊர் வேறில்லை. கடற்கரைச் சுற்றுலா நலிந்து வறுமையில் கிடந்த அந்த நகருக்கு மட்டும் கேசினோ அனுமதிக்கலாம் என்று நியூ ஜெர்சி வாக்காளர்கள் 1976-ல் ஒப்புக்கொண்டார்கள். முதல் கேசினோ 1978-ல் திறந்தது. கிழக்குக் கரையில் வேறெங்கும் இல்லாத வணிகம் என்பதால் பல பத்தாண்டுகள் பணம் கொட்டியது. கேசினோக்களின் மொத்த வருவாய் மீது மாநிலம் விதித்த 8 சதவீத வரி, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆன திட்டங்களுக்குச் சென்றது. 2006-ல் அந்த நகரத்துக் கேசினோக்கள் 520 கோடி டாலர் ஈட்டின, அதுவே உச்சம். அதே ஆண்டின் இறுதியில் பென்சில்வேனியாவின் முதல் ஸ்லாட் இயந்திரக் கூடங்கள் திறந்தன. பென்சில்வேனியாவும் தன் மக்களின் பணம் வெளியே போகிறது என்ற வாதத்தைத்தான் முன்வைத்திருந்தது, அது உண்மையும்கூட. பிலடெல்பியாவிலிருந்து பேருந்தில் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு, இப்போது வீட்டுக்கு அருகிலேயே இயந்திரம் கிடைத்தது. 2012-ல் பென்சில்வேனியாவின் கேசினோ வருவாய் நியூ ஜெர்சியைத் தாண்டியது. 2014-ல் அட்லாண்டிக் சிட்டியின் பன்னிரண்டு கேசினோக்களில் நான்கு மூடப்பட்டன; சுமார் 240 கோடி டாலர் செலவில் எழுப்பப்பட்டு இரண்டே ஆண்டுகள் நடந்த ரெவெல் அவற்றுள் ஒன்று.

அதன் பிறகு நடந்ததைத்தான் நிதி அலுவலர்கள் அதிகம் கவனிக்க வேண்டும். கேசினோக் கட்டடங்களின் மதிப்பு வீழ்ந்ததால், முன்பு கட்டிய சொத்து வரி மிகையானது என்று உரிமையாளர்கள் நகராட்சியின் மீது வழக்குத் தொடுத்தார்கள். பல கோடி டாலர்களைத் திருப்பித் தரும் நிலைக்கு நகராட்சி தள்ளப்பட்டது. 2016-ல் அதன் நிர்வாகத்தை மாநில அரசே தன் கைக்கு எடுத்துக்கொண்டது. வருவாய் ஈட்டித் தரும் என்று கொண்டுவரப்பட்ட தொழில், மாநிலம் தாங்கிப் பிடிக்க வேண்டிய சுமையாக மாறியது. டெலவேரிலும் இதே கதை சிறிய அளவில் நடந்தது. மேரிலாந்தில் கேசினோக்கள் திறந்தபின் வாடிக்கையாளர்களை இழந்த டெலவேர் கேசினோக்களுக்கு, 2013-ல் அம்மாநில அரசு உதவித்தொகை கொடுத்தது. கனெக்டிகட்டில் பழங்குடியினர் நடத்தும் இரு பெரும் கேசினோக்களின் ஸ்லாட் வருவாயில் 25 சதவீதம் மாநிலத்துக்கு உரியது. 2007 வாக்கில் ஆண்டுக்கு 43 கோடி டாலர் அளவில் இருந்த அந்தப் பங்கு, அண்டை மாநிலங்களில் கேசினோக்கள் பெருகப் பெருகப் பின்னர் 30 கோடிக்கும் கீழே இறங்கியது.

ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லையில் வேலி போடுவதாக நினைத்து அதே இயந்திரங்களை நிறுத்தியபோது, எல்லை தாண்டி வருகிற தோல்வியாளர் மெல்ல மெல்ல மறைந்துபோனார். 2018 மே 14 அன்று வந்த தீர்ப்பு அவரை அநேகமாக மறையச் செய்தது. பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்து வைத்திருந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை, நியூ ஜெர்சி தொடர்ந்து நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பின் நாற்பதுக்கு நெருக்கமான மாநிலங்கள் பந்தயத்தை அனுமதித்துவிட்டன. பந்தயத் தொகையில் மிகப் பெரும்பகுதி கைப்பேசியில்தான் போடப்படுகிறது. கைப்பேசியில் பந்தயம் கட்டுபவர் விடுதி அறை எடுப்பதில்லை, பயணம் செய்வதில்லை, பரிமாறுபவருக்கும் கூட்டுபவருக்கும் அவரால் வேலை கிடைப்பதில்லை. மாநில எல்லைக்குள் இருக்கிறாரா என்பதை மென்பொருள் உறுதி செய்த பின்னரே அவரால் பந்தயமே கட்ட முடியும். அதாவது, பணத்தை இழப்பவர் அந்த நேரத்தில் அந்த மாநிலத்துக்குள் இருந்தே தீர வேண்டும் என்பது இப்போது தொழில்நுட்ப விதியாகவே ஆகிவிட்டது. நியூ ஜெர்சியில் இணையக் கேசினோக்களின் மாத வருவாய், அட்லாண்டிக் சிட்டியின் நேரடிக் கேசினோக்களை மிஞ்சும் மாதங்கள் வந்துவிட்டன.

தோற்பவர் உள்ளூரில் வாழ்ந்தால் கணக்கு எப்படி மாறுகிறது என்று ஓர் எளிய கூட்டலில் பார்க்கலாம். நூறு டாலர் பந்தயம் கட்டப்பட்டால், பரிசாகத் திரும்பியது போகச் சுமார் 10 டாலர் நிறுவனத்திடம் தங்குகிறது. வரி இந்தப் பத்து டாலருக்குத்தான். கேன்ஸஸ் போன்ற மாநிலத்தில் விகிதம் 10 சதவீதம் என்பதால் அரசுக்கு 1 டாலர் கிடைக்கும். அந்தப் பத்து டாலரை அதே மனிதர் 6 சதவீத விற்பனை வரி உள்ள கடையில் செலவிட்டிருந்தால் 60 சென்ட் அரசுக்கு வந்திருக்கும். ஆக, நிகர லாபம் 40 சென்ட். கடைக்குப் போகும் பணத்தில் கணிசமான பகுதி உள்ளூர் ஊதியமாகவும் வாடகையாகவும் மாறி மீண்டும் ஒரு முறை வரி தரும். பந்தய நிறுவனத்துக்குப் போகும் பணத்தின் பெரும்பகுதி வேறு மாநிலத்தில் உள்ள தலைமையகத்துக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. விற்பனை வரிக்கு உட்படாத செலவையோ சேமிப்பையோ குறைத்து ஒருவர் பந்தயம் கட்டினால் அரசின் உடனடி லாபம் சற்றுக் கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சேமிப்பு குறைவதன் விலை பிற்காலத்தில் வரும். நியூயார்க்கைப் போல 51 சதவீத வரி விதித்தால் இந்தக் கூட்டல் அரசுக்கு வெகுவாகச் சாதகமாகிறது. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் வருகிறது. நாட்டிலேயே அதிகமான பந்தய வரி வருவாய் அதுதான். அந்த மாநிலத்தின் ஆண்டுச் செலவோ 20,000 கோடி டாலருக்கும் மேல்.

வரி விகிதத்தைப் போலவே வரிக்கு உட்படும் தொகையை வரையறுக்கும் சிறு எழுத்துகளும் முக்கியம். தொடக்கத்தில் வாடிக்கையாளர்களை ஈர்க்க நிறுவனங்கள் அள்ளி வழங்கிய இலவசப் பந்தயங்களை வருவாயிலிருந்து கழித்துக்கொள்ளப் பல மாநிலங்கள் அனுமதித்தன. கேன்ஸஸில் 2023 பிப்ரவரியில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நடந்த மாதத்தில், 19 கோடி டாலருக்கு மேல் பந்தயம் கட்டப்பட்டும் மாநிலத்துக்குக் கிடைத்தது சுமார் 1,100 டாலர். கோடிகளில் அல்ல, ஆயிரத்து நூறு டாலர். அந்த மாதம் அரசே தன் மக்களைச் சூதாட்டத்துக்குப் பழக்கும் விளம்பரச் செலவில் பங்கெடுத்துக்கொண்டது என்றுதான் அதை நான் வாசிக்கிறேன். வர்ஜினியா இந்தக் கழிவை 2022-ல் கட்டுப்படுத்தியது. மற்ற சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

லாட்டரியில் அரசின் பங்கு இதைவிட மிகப் பெரியது. நூறு டாலர் விற்பனையில் நான்கில் ஒரு பங்கு போல மாநிலத்துக்குப் போகிறது. அதனாலேயே அது அரசு விதிக்கும் வரிகளிலேயே கடுமையானதாகவும் இருக்கிறது. லாட்டரி வந்த மாநிலங்களில் அந்தப் பணம் வேறு சூதாட்டத்திலிருந்து திரும்பி வருவதில்லை, குடும்பங்களின் பிற செலவுகளைக் குறைத்தே வருகிறது என்று பொருளியலாளர் மெலிசா கியர்னி 2005-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வருமானத்தில் லாட்டரிக்குப் போகும் விகிதம் ஏழைக் குடும்பங்களில் அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஜார்ஜியாவில் 1993-ல் தொடங்கிய ஹோப் கல்வி உதவித்தொகை முழுக்க லாட்டரிப் பணத்தில் நடப்பது. தொடக்கத்தில் 66,000 டாலருக்குள் குடும்ப வருமானம் உள்ளவர்களுக்கே என்று இருந்த வரம்பு, 1995-க்குள் அடியோடு நீக்கப்பட்டது. மதிப்பெண் அடிப்படையிலான உதவி என்பதால், நல்ல பள்ளிகளில் படித்த வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் பெருமளவில் பயன்பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சீட்டு வாங்கிய கூலித் தொழிலாளர் செலுத்துகிறார் என்பதை என்னால் அமைதியாகக் கடந்துபோக முடியவில்லை. 2011-ல் உதவித்தொகைச் செலவு லாட்டரி வருவாயை மீறி வளர்ந்துவிட, அரசு உதவியைக் குறைத்தது.

கல்விக்கு என்று ஒதுக்கும் வாக்குறுதியிலும் ஒரு நெகிழ்வு உண்டு. லாட்டரியிலிருந்து பத்துக் கோடி கல்விக்கு வந்தால், பொது நிதியிலிருந்து கல்விக்குப் போய்க்கொண்டிருந்த பத்துக் கோடியை வேறு செலவுக்குத் திருப்பிவிடலாம். சட்டத்தின் எழுத்து மீறப்படாது. பள்ளிக்கும் கூடுதலாக ஒன்றும் வந்திருக்காது.

செலவுப் பக்கத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். கஜானாவுக்கு நேரடியாக உரியதை மட்டும் சொல்கிறேன். இணையப் பந்தயம் அனுமதிக்கப்பட்ட மாநிலங்களில் குடும்பங்களின் முதலீடு குறைவதையும், கடன் தவணை தவறுவதும் திவாலாவதும் கூடுவதையும் 2024-ல் வெளியான ஆய்வுகள் கண்டன. பந்தய நிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி, அளவு மீறி ஆடும் சிறுபான்மையினரிடமிருந்து வருகிறது. கிடைக்கும் வரி, வருவாய்த் துறையின் கணக்கில் விழுகிறது. அந்தக் குடும்பங்களின் சிகிச்சையும் நீதிமன்றச் செலவும் நலத்திட்டச் செலவும் வேறு துறைகளின் கணக்கில், வேறு ஆண்டுகளில் விழுகின்றன. இரண்டையும் ஒரே தாளில் எழுத எந்தத் துறையும் பொறுப்பேற்பதில்லை.

எதிர்த் தரப்பு வலுவற்றது அல்ல. தடை இருந்த காலத்திலும் பந்தயம் நடந்தது. சட்டவிரோத முகவரிடம் கட்டிய பணத்துக்கு வரியும் இல்லை, ஏமாந்தவருக்குப் பாதுகாப்பும் இல்லை. டெக்ஸஸ் எல்லையைத் தாண்டியதும் நிற்கும் ஓக்லஹோமாவின் பிரம்மாண்டமான கேசினோவில், டெக்ஸஸ் வண்டிகளே நிறைந்திருக்கும் என்பதும் உண்மைதான். ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருக்கும் பணத்தை மீட்பது நியாயமான நோக்கம். ஆனால் மீட்கப்பட்டது எவ்வளவு, புதிதாக ஆடத் தொடங்கியவர்களிடம் வாங்கியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கடமை அந்த வாதத்தை வைப்பவருக்கு இருக்கிறது. மணிக்கணக்கில் ஓடும் விளம்பரங்கள் சட்டவிரோத முகவரின் பழைய வாடிக்கையாளரை மட்டும் தேடி வரவில்லை.

வருவாய்க்குப் பழகிய மாநிலம் பிறகு நடுவராக இருப்பது கடினம். ஒஹாயோ பந்தயத்தைத் தொடங்கிய 2023-ஆம் ஆண்டிலேயே வரியை 10-லிருந்து 20 சதவீதமாக இரட்டிப்பாக்கியது. இல்லினாய் 2024-ல் உச்ச விகிதத்தை 40 சதவீதத்துக்கு உயர்த்தி, 2025-ல் ஒவ்வொரு பந்தயத்துக்கும் 25 முதல் 50 சென்ட் வரை தனிக் கட்டணம் விதித்தது. பெரிய நிறுவனங்கள் அதை வாடிக்கையாளர் தலையிலேயே ஏற்றின. சூதாட்ட வருவாய் தானாக வளர்வது குறைவு. புதிய வகை ஆட்டத்தை அனுமதித்தால் எழும்பி, பிறகு தட்டையாகிறது என்பதை ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகள் பல ஆண்டுகளாகச் சுட்டி வருகின்றன. ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் நில்லாமல் வளர்பவை. அந்த இடைவெளியை நிரப்ப அடுத்த ஆட்டம், அதற்கடுத்த ஆட்டம் என்று போக வேண்டியிருக்கிறது. 2025 முதல் முன்கணிப்புச் சந்தைகள், தாங்கள் சரக்கு முன்பேர வணிகத்தைக் கண்காணிக்கும் கூட்டாட்சி ஆணையத்தின் கீழ் இயங்குவதாகச் சொல்லி, மாநில உரிமமும் மாநிலப் பந்தய வரியும் இன்றி விளையாட்டு முடிவுகளின் மீதான ஒப்பந்தங்களை விற்கின்றன. மாநிலங்கள் நீதிமன்றங்களில் அவற்றோடு போராடுகின்றன. தோற்பவர் உள்ளூர்க்காரர், வரியோ எந்த மாநிலத்துக்கும் இல்லை என்ற நிலை அது. லூசியானா மற்ற மாநிலங்களுக்குச் செய்ததை இன்று ஒரு செயலி எல்லா மாநிலங்களுக்கும் செய்கிறது.

சட்டமன்ற உறுப்பினர்களிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. சூதாட்ட மசோதாவோடு வரும் வருவாய் மதிப்பீட்டில் மூன்று எண்கள் கூடுதலாக வேண்டும்: எதிர்பார்க்கும் தொகையில் வெளிமாநிலத்தவர் தோற்கப்போவது எவ்வளவு, உள்ளூர்ச் செலவு குறைவதால் விற்பனை வரியிலும் லாட்டரியிலும் இழக்கப்போவது எவ்வளவு, அண்டை மாநிலங்களும் இதையே அனுமதித்தால் ஐந்தாம் ஆண்டில் எஞ்சுவது எவ்வளவு. வருகிற பணத்தை ஆசிரியர் ஊதியம், ஓய்வூதியம் போன்ற நிரந்தரக் கடப்பாடுகளுக்குக் கட்டிவைக்கக் கூடாது. கொலராடோ பந்தய வரியை முக்கியமாக நீர்வளத் திட்டங்களுக்கு ஒதுக்கியிருக்கிறது; ஓர் ஆண்டு வரவு குறைந்தால் ஒரு பணியைத் தள்ளிவைக்கலாம் என்பதால், இருக்கும் வழிகளில் அதுவே பாதுகாப்பானதாக எனக்குத் தோன்றுகிறது. அத்துடன், ஐந்து ஆண்டுகள் கழித்து அதே மதிப்பீட்டையும் உண்மை வரவையும் அருகருகே அச்சிட்டு வெளியிடும் கட்டாயத்தை மசோதாவிலேயே எழுத வேண்டும்.